கடைப்பொடியும் மில்பொடியும்: மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டுவது பற்றிய ஐம்பதாண்டு விவாதம்

திண்டுக்கல்லில் குழம்புப் பொடிக்கு இரண்டு வழி. மிளகாயும் மல்லியும் வாங்கி மாடியில் காயப்போட்டு, வறுத்து, தூக்குவாளியோடு மில்லில் போய் நின்று அரைத்து வரலாம். மளிகைக் கடையில் பாக்கெட்டாகவும் வாங்கலாம். மென்பொருளுக்கும் ஏறக்குறைய இதே இரண்டு வழிகள்தான். நிரலாளர் எழுதிய மூலநிரலைக் கொண்டுவந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவுவது ஒன்று. வேறு யாரோ கம்பைல் செய்து முடித்த பைனரியை அப்படியே இறக்கிக்கொள்வது இன்னொன்று. விண்டோஸிலும் கைபேசியிலும் இந்தக் கேள்வி பெரும்பாலோர் கண்ணில் படுவதே இல்லை. அங்கே பாக்கெட் மட்டும்தான். லினக்ஸ், பிஎஸ்டி உலகத்தில் இரண்டு கதவும் திறந்திருப்பதால், எந்த வழி மேல் என்ற விவாதம் ஐம்பது ஆண்டாக நடக்கிறது.

கேள்வி அதேதான், அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் தலைமுறைக்கு ஒருமுறை அடியோடு மாறியிருக்கின்றன. வேறு வழியில்லை என்பது முதல் காரணம். பிறகு வேகம் என்றார்கள். இப்போது நம்பகம் என்கிறார்கள். இந்த மூன்றிலும் சரியாக அடங்காத ஒரு காரணம் தமிழ் வாசகருக்கு நேரடியாகவே நேர்ந்தது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வேறு வழியில்லாத காலம்

1970-களில் யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குக் காந்த நாடாவில் போய்ச் சேர்ந்தது, மூலநிரலோடு. ஏடி அண்ட் டி நிறுவனம் 1956-ல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொலைபேசித் தொழிலுக்கு வெளியே வணிகம் செய்ய முடியாது. அதனால் இயங்குதளத்தைப் பண்டமாக விற்கும் வழி அதற்கு அடைபட்டிருந்தது. நாடாவை வாங்கியவர்கள் தங்கள் எந்திரத்துக்குத் தக்கபடி தாங்களே கம்பைல் செய்துகொண்டார்கள். எந்திரங்களும் ஒரே சாதி இல்லை. பிடிபி-11-க்குக் கட்டியது வாக்ஸில் இயல்பாக ஓடாது; வாக்ஸுக்குக் கட்டியது பின்னால் வந்த ஸ்பார்க் எந்திரங்களில் ஓடாது. இத்தனைக்கும் தனித்தனியாகப் பைனரி செய்து கொடுக்க யாருக்கும் ஆளும் இல்லை, அக்கறையும் இல்லை. நிறுவுவது என்றாலே கட்டுவதுதான்.

கட்டும் வேலைக்கு முறையான கருவி 'மேக்'. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதியது. சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடி அலுத்துப்போய் அவர் அறைக்கு வந்தாராம். பிழையை ஜான்சன் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்ததுதான் கோளாறு. அதற்கு மருந்தாக வந்த மேக் செய்வது எளிய காரியம். ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். மூலக்கோப்பு, அதிலிருந்து பிறந்த கோப்பைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். மேக் கோப்பில் கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் இருக்க வேண்டும், ஸ்பேஸ் இருந்தால் எரர் என்ற விதி இன்றைக்கும் மாணவர்களின் உயிரை வாங்குகிறது. அதை மாற்றலாமா என்று ஃபெல்ட்மன் யோசித்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று விட்டுவிட்டார்.

1983-ல் கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டம் அறிவிக்கப்பட்டது. 1991-ல் ஆட்டோகான்ஃப் வந்தது. இந்த எந்திரத்தில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று சோதித்து, அதற்கேற்ப மேக் கோப்பை எழுதித் தரும் ஏற்பாடு அது. 'கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்' என்ற மூன்று கட்டளைகள் ஒரு தலைமுறைக்கு மனப்பாடம் ஆனது இப்படித்தான்.

இந்த முறையின் பலவீனம் இந்தியச் சிற்றூர்களில்தான் நன்றாகத் தெரிந்தது. 1990-களில் லினக்ஸ் இங்கே பெரும்பாலும் கணினிப் பத்திரிகைகளோடு வந்த சிடிகளில் பரவியது. 'பிசிகுவெஸ்ட்' இதழின் சிடிகள் அப்போது பிரபலம். சிடியில் ஒரு மென்பொருளின் மூலநிரல் மூட்டை, அதாவது டார்பால், இருக்கும். கான்ஃபிகர் ஓடவிட்டால், இன்ன நூலகம் இல்லை என்று நின்றுவிடும். அந்த நூலகத்தைக் கட்டப் போனால் அது இன்னொன்றைக் கேட்கும். இல்லாததைத் தேடி இறக்க, மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார வேண்டும். அங்கே இறக்கியது ஃபிளாப்பியில் அடங்காது. மூலநிரல் கையில் இருப்பது மட்டும் போதாது என்பதை அந்த ஆண்டுகள் தெளிவாகவே காட்டின.

பாக்கெட் போட்டவர்கள்

1993-ல் தொடங்கிய டெபியன், அதன் அருகில் வளர்ந்த ரெட் ஹேட்டின் ஆர்பிஎம் முறை ஆகியவை இதற்கு ஒரு விடை தந்தன. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் ஒருமுறை கட்டினால் போதும். எது எதைச் சார்ந்தது என்ற விவரம் பேக்கேஜுக்குள்ளேயே எழுதியிருக்கும். 1999-ல் வெளியான டெபியன் 2.1 'ஆப்ட்' கருவியோடு வந்தபிறகு, சார்புகளைத் தேடும் அலைச்சல் ஒரு கட்டளைக்குள் அடங்கியது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ல் 64,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். இவற்றில் ஒரு நூறைக்கூடத் தனியாளாகக் கட்டிப் பராமரிக்க முடியாது என்பதுதான் இந்தத் தரப்பின் பலமான வாதம்.

ஃப்ரீபிஎஸ்டி 1994-லேயே ஒரு நடுவழி கண்டது. 'போர்ட்ஸ்' என்ற அந்த ஏற்பாட்டில் பைனரிக்குப் பதில் கட்டும் முறையை மட்டும் பகிர்ந்தார்கள். மூலநிரல் எங்கே கிடைக்கும், என்ன ஒட்டு போட வேண்டும், எந்த வரிசையில் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அரைப்பது அவரவர் மில்லில்.

பாக்கெட் முறையின் பலவீனம் வெளியே சட்டெனத் தெரியாது. ஒரே மூலநிரலைப் பல விதமாகக் கட்டலாம். சில வசதிகளைச் சேர்க்கலாம், சிலவற்றை விடலாம். எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர், யாருக்காகக் கட்டுகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். தமிழுக்கு வலித்த இடம் இதுதான்.

ஒரு கொம்பு இடம் மாறிய கதை

யூனிகோடில் 'பெண்' என்று தட்டினால் முதலில் பகரம் பதிவாகும், அதன்பின் எகரக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பைப் பகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துகளை இப்படி இடம் மாற்றி அடுக்கும் வேலையை லினக்ஸில் அந்நாளில் செய்துவந்த நூலகங்களில் முக்கியமானது 'பாங்கோ'.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் 1.5, 2.0 பதிப்புகளின் மூலநிரலில் பாங்கோவைப் பயன்படுத்தும் வசதி இருந்தது. ஆனால் அது கட்டும்போது இயக்க வேண்டிய ஒரு தெரிவு. மொசில்லா தன் தளத்தில் வழங்கிய லினக்ஸ் பைனரி அந்தத் தெரிவு இல்லாமல் கட்டப்பட்டிருந்தது. லத்தீன் எழுத்துகளை வரையும் வேகம் குறையும் என்ற தயக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. விளைவு, தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் 'பெண்' என்பதில் உள்ள கொம்பு பகரத்தை விட்டு நழுவி ணகரத்தின் முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். படிப்பவர் கண்ணுக்கு அது 'பணெ்' மாதிரி. எழுத்துரு கெட்டுவிட்டது என்று பலர் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எழுத்துருவில் ஒரு குற்றமும் இல்லை.

அதே மூலநிரலை ஃபெடோராவும் உபுண்டுவும் பாங்கோவோடு கட்டி வழங்கின. சில பதிப்புகளில் ஒரு சூழல் மாறியை இயக்கிவிட்டால் தமிழ் நேராகிவிடும். இல்லாவிட்டால் அந்தத் தெரிவைச் சேர்த்துத் தாமே கம்பைல் செய்ய வேண்டும். 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-ல் பாங்கோ இயல்பாகவே சேர்ந்துவிட்டதால் பிரச்சினை மறைந்தது.

சிறிய சம்பவம்தான். ஆனால் விவாதத்தின் எல்லாத் தரப்புக்கும் இதில் பாடம் உண்டு. நிரலை எழுதியவர்கள் தமிழுக்கான வேலையைச் செய்து முடித்திருந்தார்கள். உரிமமும் கட்டற்றது. தடையாக நின்றது கட்டும் மேசையில் எடுத்த ஒரு முடிவு. மறுபுறம், மொசில்லாவின் பைனரி வேண்டாம் என்று விலகிய பெரும்பாலோர் தாங்களே கம்பைல் செய்யவும் இல்லை. அவர்கள் தமிழ் தெரிய வேண்டும் என்று நினைத்த வேறொரு பாக்கெட்காரரிடம் போனார்கள். அப்படி மாறுவதற்கு வேறொருவர் இருந்ததே மூலநிரல் திறந்திருந்ததால்தான். எல்லோரும் கட்ட வேண்டுமா என்ற கேள்வியைவிட, நமக்காகக் கட்டுபவர் யார், அவர் சரியில்லை என்றால் இன்னொருவர் கட்ட முடியுமா என்ற கேள்வி பயனுள்ளது என்று எனக்குத் தோன்றுவது இதனால்.

வேகம் என்ற வாதமும் கரண்ட் கட்டும்

2002-ல் ஜென்டூ லினக்ஸின் முதல் பதிப்பு வந்தபோது கட்டுவதற்குப் புதிய காரணம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பொதுப் பைனரி எல்லாச் செயலிகளிலும் ஓட வேண்டும் என்பதால் பழைய சில்லுக்கும் இறங்கிக் கட்டப்பட்டிருக்கும். உங்கள் சில்லுக்கென்றே கட்டினால் வேகம் கூடும் என்றார்கள். தேவையில்லாத வசதிகளைக் கழற்றிவிடவும் 'யூஸ் ஃபிளாக்' என்ற நேர்த்தியான முறையை ஜென்டூ தந்தது. அதற்கு முன்பே, 1999-ல் ஜெரார்டு பீக்மன்ஸ் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராச்' முழு இயங்குதளத்தையும் அடியிலிருந்து கையாலேயே கட்டக் கற்றுக்கொடுத்தது. அதன் நோக்கம் வேகம் இல்லை, கல்வி.

வேக வாதம் பெரும்பாலும் தேறவில்லை. எண் கணக்கு, வீடியோ போன்ற சில வேலைகளில் சில்லுக்கேற்ற கட்டுமானம் பலன் தரும். ஆனால் அந்த மாதிரி நிரல்கள் பலவும் ஓடும்போதே செயலியைக் கண்டறிந்து தக்க பாதையைத் தேர்ந்துகொள்ளப் பழகிவிட்டன. அலுவலக மென்பொருள், உலாவி ஆகியவற்றில் கிடைத்த நொடிகளைவிடக் கட்டுவதற்குச் செலவான மணிநேரங்கள் அதிகம். குரோமியம் உலாவியைக் கட்ட 100 ஜிபி வட்டு இடம் வேண்டும், 16 ஜிபிக்கு மேல் நினைவகம் இருப்பது நல்லது என்று அதன் வழிகாட்டியே சொல்கிறது. பெரிய பேக்கேஜ்களுக்கு ஆயத்தப் பைனரியை ஜென்டூ நெடுநாளாகவே வைத்திருந்தது. 2023 டிசம்பரில் பரவலான பைனரி பேக்கேஜ்களையே அதிகாரபூர்வமாக வழங்கத் தொடங்கியபோது, வேகத்துக்காகக் கட்டுவது என்ற தரப்பு தன் கோட்டையிலேயே கொடியை இறக்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு ஒரு உள்ளூர் எதிர்வாதமும் இருந்தது. 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் மின்வெட்டுக் காலம். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இருக்காது. ஆறு மணி நேரக் கம்பைலின் நாலாவது மணியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பார்கள். பாதி உண்மை. கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால், அரைகுறையாக எழுதிய கோப்பை மேக் தானே அழித்துவிடும். மின்சாரம் போனால் அழிக்க அதற்கு நேரமே இல்லை. பாதியில் நின்ற கோப்பு, சில சமயம் பூஜ்ஜியம் பைட்டில், வட்டில் கிடக்கும். அதன் தேதி மூலக்கோப்பைவிடப் புதியது. மறுபடி ஓடவிட்டால் மேக் அந்தத் தேதியை மட்டும் பார்த்து, இது முடிந்த வேலை என்று தாண்டிப் போய்விடும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் கட்டத்தில்தான், கோப்பின் வடிவம் புரியவில்லை என்று ஒரு எரர் வரும். அது எந்தக் கோப்பு, ஏன் என்று தெரியாதவர் முழுவதையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஜான்சனின் தலைவலிக்கு ஃபெல்ட்மன் கண்ட மருந்து, யுபிஎஸ் இல்லாத வீட்டில் இப்படித் திரும்பிக் கடித்தது.

கல்விக்காகக் கட்டுவது என்ற தரப்பு மட்டும் இதில் அடிபடவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் வகுத்த கட்டற்ற மென்பொருள் ஆய்வகப் பாடத்தில் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர் செய்து, கம்பைல் செய்து நிறுவும் பயிற்சி இடம்பெற்றது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவைதான். மூன்று கோடி வரிகளைத் தாண்டிய ஒரு மூலநிரலைக் கட்டி, மெஷினை ரீபூட் செய்து, தான் வைத்த பதிப்புப் பெயர் திரையில் வருவதைப் பார்க்கும் மாணவருக்கு இயங்குதளம் வானத்திலிருந்து விழுந்ததாக அதற்குப் பிறகு தோன்றாது. ரெக்கார்டு நோட்டுக்காக முந்தைய வருட அவுட்புட்டைப் பார்த்து எழுதுபவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

நம்பகம்: அரைத்த கல்லையும் சந்தேகிப்பது

இன்றைய விவாதத்தின் மையம் இதுதான். பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? மூலநிரலைப் படித்து நாமே கட்டினால் கலப்படம் இருக்காது என்பது பழைய பதில். அதைக் கென் தாம்ப்சன் 1984-ல் வெளியான தன் டூரிங் விருது உரையிலேயே உடைத்துவிட்டார். கம்பைலருக்குள் ஒரு வஞ்சகத்தைப் புகுத்தலாம் என்று காட்டினார் அவர். லாகின் நிரலைக் கட்டும்போது அந்தக் கம்பைலர் திருட்டு வழி ஒன்றைச் சேர்த்துவிடும். கம்பைலரையே மறுபடி கட்டும்போது வஞ்சகத்தையும் சேர்த்தே கட்டும். பிறகு கம்பைலரின் மூலநிரலிலிருந்து அந்த வரிகளை நீக்கிவிடலாம். மூலநிரலில் எதுவும் இருக்காது. பைனரியில் என்றும் இருக்கும். மில்லில் முன்னால் நின்றவர் அரைத்த மிளகாய் நம் கோதுமை மாவில் ஏறுவதைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விவரமானவர்கள் முதல் கைப்பிடி மாவைத் தனியே வாங்கிவிடுவார்கள். தாம்ப்சனின் கல் முதல் கைப்பிடியோடு சுத்தமாகும் கல் இல்லை.

இதற்கு டேவிட் வீலர் 2005-ல் ஒரு சோதனை முறையைக் கொடுத்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கம்பைலர்களைக் கொண்டு ஒரே மூலநிரலைக் குறிப்பிட்ட முறையில் இரண்டு சுற்றுக் கட்டி, முடிவில் கிடைக்கும் பைனரிகளை பைட்டுக்கு பைட் ஒப்பிடுவது. இன்னொரு தரப்பு வேரிலிருந்தே தொடங்கியது. கீக்ஸ் திட்டம் 2023-ல் 357 பைட் அளவேயான ஒரு தொடக்க நிரலிலிருந்து படிப்படியாக மொத்தக் கருவித்தொகுப்பையும் மூலநிரலிலிருந்தே கட்டிக்காட்டியது. கையாலேயே சரிபார்க்கக்கூடிய அளவு அது. அசாத்தியமான உழைப்பு, ஆனால் அடியில் இருக்கும் சில்லையும் கெர்னலையும் அது இன்னும் நம்பியே ஆக வேண்டும்.

இவற்றைவிட நடைமுறைக்கு நெருங்கியது, 2013 முதல் டெபியனில் வலுப்பெற்ற 'மீளுருவாக்கக் கட்டுமான' இயக்கம். அதன் வாதம் எளிது: நீங்கள் கட்ட வேண்டாம், ஆனால் யார் எப்போது எங்கே கட்டினாலும் ஒரே பைனரி வர வேண்டும். அப்படி வந்தால், பாக்கெட்காரர் தந்ததும் நடுநிலையான ஒருவர் கட்டியதும் ஒன்றா என்று ஒப்பிட்டால் போதும். இதைச் சாதிப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கட்டிய நேரம் பைனரிக்குள் பதிந்துவிடும். கட்டியவரின் கோப்புறைப் பெயர் பதிந்துவிடும். கோப்புகளை வட்டு எந்த வரிசையில் காட்டுகிறதோ அந்த வரிசை பதிந்துவிடும். இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்து, டெபியன் தன் சோதனைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை ஒரே மாதிரி வரவைத்திருக்கிறது. ஆனால் சோதனைக்கூடத்தில் இரண்டு முறை கட்டி ஒப்பிடுவது வேறு, பயனருக்குப் போய்ச் சேர்ந்த பைனரியோடு ஒப்பிடுவது வேறு. இரண்டாவது வேலை பிந்தித்தான் தொடங்கியது. தன் மடிக்கணினியில் கட்டியதைப் பராமரிப்பாளர் நேராகப் பதிவேற்றும் வழக்கத்துக்கு டெபியன் 2019-ல்தான் திட்டமாக அணை போட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டும் இடத்தையே தாக்கலாம் என்பதை 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் விவகாரம் காட்டியது. அங்கே மூலநிரல் களஞ்சியம் சுத்தமாக இருந்தது. கட்டும் எந்திரத்தில் பதுங்கியிருந்த ஒரு நிரல், கம்பைல் நடக்கும் கணத்தில் மட்டும் ஒரு கோப்பை மாற்றிவைத்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போய்ச் சேர்ந்தது.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் சிக்கலானது. கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட் யுட்டில்ஸின் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பாலில், கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு கட்டுமான வரி சேர்ந்திருந்தது. சோதனைக் கோப்பு என்ற பெயரில் கிடந்த பொதியிலிருந்து நச்சு நிரலை எடுத்துக் கோத்தது அந்த வரி. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்ணில் அது பட்டது. இதில் இரு தரப்பும் தங்களுக்கு வசதியான பாடத்தை எடுத்துக்கொண்டன. அந்த நச்சு, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டப்படுகிறதா என்று சோதித்து, அப்படியென்றால் மட்டும் விழித்துக்கொள்ளும். வீட்டில் கையால் கட்டியவர் தப்பித்திருப்பார். ஆகவே நாமே கட்டுவதுதான் பத்திரம் என்றது ஒரு தரப்பு. கையால் கட்டியவர்களில் ஒருவரும் அந்த வரியைக் கவனிக்கவில்லையே என்று கேட்டது மறுதரப்பு. கான்ஃபிகர் ஓடும்போது ஓடி மறையும் நூற்றுக்கணக்கான வரிகளை யாரும் படிப்பதில்லை என்பதைத் தெரிந்துதான் தாக்கியவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மறுதரப்பின் கேள்விக்கே எடை அதிகம் என்பது என் கணிப்பு.

நம்மூர் மென்பொருள் என்பது எது?

இந்தியாவில் இந்த விவாதம் 'உள்நாட்டு' என்ற சொல்லைச் சுற்றி வருகிறது. 2005-ல் சென்னை சி-டாக் மையமும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அதன் வழியே 'பாஸ்' லினக்ஸ் வந்தது. அது டெபியனை அடித்தளமாகக் கொண்டது. அதே காலத்தில், ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்த்து வழங்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்துப் பிளஸ் டூ பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் என்ற பெயர் அறிமுகமானதே அந்த மெஷினின் தொடக்கத் திரையில்தான். அவர்களில் பெரும்பாலோர் அடுத்த வரியைத் தேர்ந்தெடுத்து விண்டோஸுக்குப் போய்விட்டார்கள்.

2023-ல் சென்னை ஐஐடியில் வளர்த்தெடுக்கப்பட்ட நிறுவனம் ஒன்று அறிமுகப்படுத்திய 'பார்ஓஎஸ்' ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலிலிருந்து கட்டப்பட்டது. அதே ஆண்டு ஜோஹோ வெளியிட்ட 'உலா' உலாவி குரோமியத்திலிருந்து கட்டப்பட்டது. இவற்றை உள்நாட்டுப் படைப்பு என்று கொண்டாடுபவர்களும், வெறும் லேபிள் மாற்றம் என்று ஒதுக்குபவர்களும் ஒரே இடத்தில் தவறுவதாகத் தெரிகிறது. மூலநிரல் எங்கிருந்து வந்தது என்பதை இரு சாராரும் கேட்கிறார்கள். கட்டும் வசதியும் கட்டும் ஆட்களும் இங்கே இருக்கிறார்களா, பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானால் எத்தனை நாளில் மறுபடி கட்டி அனுப்ப முடியும் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. குரோமியத்தின் புதிய பதிப்பு சில வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்துக் கட்டிக்கொண்டே இருப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை. பெயர் வைப்பதற்குச் செலவில்லை.

கொரோனாக் காலத்தில் மத்திய அரசு கொண்டுவந்த ஆரோக்ய சேது செயலி இன்னொரு கோணம். அதன் ஆண்ட்ராய்டு மூலநிரல் 2020 மே 26-ல் வெளியிடப்பட்டது. கோடிக்கணக்கான கைபேசிகளில் ஏற்கெனவே இருந்த செயலி இந்த மூலநிரலிலிருந்துதான் கட்டப்பட்டதா என்ற கேள்வி உடனே எழுந்தது. மூலநிரலைத் திறப்பது வெளிப்படைத்தன்மையின் முதல் படி. அதையும் பைனரியையும் இணைக்கும் படி இல்லாவிட்டால், முதல் படியில் நின்று எதையும் நிரூபிக்க முடியாது. மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திறமூலக் கொள்கை திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை கேட்டது. 2024 அக்டோபரில் அதன் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு மென்பொருளில் என்னென்ன கூறுகள் அடங்கியுள்ளன என்ற பட்டியலைக் கேட்கிறது. பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்ட பட்டியலைப் போலவே, அதை எழுதுபவரும் பாக்கெட் போட்டவர்தான்.

முடிவாகாதவை

வேகத்துக்காகக் கட்டுவது என்ற வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கற்பதற்காகக் கட்டுவது என்ற வாதத்தை யாரும் மறுப்பதில்லை. நம்பகத்துக்காகக் கட்டுவது என்ற தரப்பு, தனியாள் கட்டுவதிலிருந்து பலர் கட்டி ஒப்பிடுவதற்கு நகர்ந்திருக்கிறது. இந்த நகர்வு சரியான திசையில் என்றே தோன்றுகிறது. ஒப்பிடும் வேலையை யார் செய்வது, யார் செலவில் செய்வது என்பது தெளிவாகவில்லை. கெர்னல் கம்பைல் பயிற்சி நடக்கும் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஒரு சிறிய பேக்கேஜை இரண்டு மெஷினில் கட்டி அவற்றின் ஹாஷ் எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பயிற்சியும் வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது. ஒத்துப்போகாத இடத்தைத் தேடுவதில் மாணவர் கற்றுக்கொள்வது, ஒத்துப்போனால் கற்றுக்கொள்வதைவிட அதிகமாகவே இருக்கும்.

பைதான் உலகம் இன்னொரு திறந்த கேள்வி. நம்பை போன்ற நூலகத்தை நிறுவும்போது ஆயத்த 'வீல்' கிடைத்தால் சில நொடி. கிடைக்காவிட்டால் சி கம்பைலர் இல்லை என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு எரர். மாணவர் எல்லோரும் வீலைத்தான் விரும்புவார்கள், அது இயல்பு. ஆனால் டெபியனில் உள்ளது போன்ற பராமரிப்பாளர் என்ற இடைநிலை ஆள் இங்கே இல்லை. எழுதியவரே கட்டி ஏற்றுகிறார். பாங்கோ காலத்தில் நடந்ததுபோல் விலகிப் போக இன்னொரு பாக்கெட்காரர் எல்லா நூலகத்துக்கும் கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் புதிய சிக்கல், 'திறந்த' என்ற பெயரில் வரும் மொழி மாதிரிகள். தரப்படுவது எண்களின் பெருந்தொகுப்பு. எந்த உரைகளிலிருந்து, எந்த வரிசையில் அது பிறந்தது என்பது பல மாதிரிகளுக்கு வெளியிடப்படுவதில்லை. 2024 அக்டோபரில் திறமூல முனைப்பு அமைப்பு வெளியிட்ட வரையறை, பயிற்சித் தரவு முழுவதையும் தர வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. தரவைப் பற்றிய விரிவான விவரம் போதும் என்றது. அது திறமூலம் என்ற சொல்லையே நீர்க்கச் செய்வதாக எதிர்ப்பும் எழுந்தது. தரவு முழுவதும் கிடைத்தாலும் மறுபடி கட்டுவதற்கான கணிப்பொறிச் செலவு எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாது. அப்படியொரு மாதிரி தமிழைத் தப்பும் தவறுமாகக் கையாண்டால், 2006-ல் ஃபயர்ஃபாக்ஸைத் தமிழுக்காக மறுபடி கட்டியவருக்குக் கிடைத்தது போன்ற ஒரு தெரிவு இங்கே எங்கே இருக்கிறது, அதை மாற்றும் உரிமையும் வசதியும் யாரிடம் இருக்கின்றன என்பதற்கு இதுவரை உருப்படியான பதில் வரவில்லை.